பகல்ல நீலம், ராத்திரி சாம்பல்... உங்க ரூமுக்கு இந்த வயலட் செட் ஆகுமா?

வெள்ளை, க்ரீம், பிஸ்தா பச்சை... இதைத் தாண்டி வேற கலர் அடிக்கலாம்னு யோசிக்கிறீங்களா? சாம்பல் கலந்த நீல வயலட்டை ஒருமுறை பாருங்க. கத்தரிப்பூ கலரில் கொஞ்சம் மழைமேகத்தைக் கரைச்ச மாதிரி இருக்கும். 2022-ம் ஆண்டின் நிறமாக பான்டோன் தேர்ந்தெடுத்த 'வெரி பெரி'யும் நீல வயலட்தான். ஆனா, அது பளிச் ரகம். சாம்பல் சேர்ந்த ஷேடு அமைதியானது; படுக்கையறைக்கும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ரூமுக்கும் ஏற்றது.

ஒரே சிக்கல், இது வெளிச்சத்துக்கு ஏற்ப முகம் மாறும் கலர். கலந்து வாங்கிய பெயின்ட்டைக் கடையில் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டாங்க. அதனால, காசு கொடுக்கும் முன் இதையெல்லாம் கவனிங்க.

லைட்டைப் பாருங்க: 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி-யில் இந்தக் கலர் நீலமாக, கொஞ்சம் குளிர்ச்சியாகத் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் நீல ஒளி குறைவு என்பதால், வயலட் மங்கி சாம்பலாகிவிடும். இரண்டுக்கும் நடுவே 4000 கெல்வின் பாதுகாப்பான சாய்ஸ். கெல்வின் அளவு பல்பு அட்டையிலேயே இருக்கும்.

சாம்பிள் அடிங்க: மொபைல் ஸ்க்ரீனில் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சின்ன டப்பா வாங்கி, சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடிச்சு, நல்லா காயவிடுங்க. எமல்ஷன் காய்ந்ததும் பொதுவாக ஒரு படி அடர்த்தியாகும். பேப்பரைச் சுவரில் ஒட்டி காலை, மாலை, லைட் போட்ட பிறகுன்னு மூணு வேளையும் பாருங்க.

எல்.ஆர்.வி கேளுங்க: சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு இது. 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. ஜன்னல் சின்னதாக இருந்தால் 50-க்கு மேல் உள்ள ஷேடு எடுங்க. அடர்த்தியான ஷேடுதான் பிடிச்சிருக்கா? கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் அடிங்க. 10-க்கு 10 அடி சுவர் என்பது 100 சதுர அடி. நல்ல எமல்ஷன் என்றால் ஒரு லிட்டரில் இரண்டு கோட் முடிஞ்சிடும்.

ஜோடி சேருங்க: வயலட்டுக்கு எதிர் நிறம் மஞ்சள். அதனால கடுகு மஞ்சள் குஷன், பித்தளை விளக்கு, தேக்கு மேஜை, பிரம்பு நாற்காலி, கோரைப்பாய் எல்லாமே எடுப்பாக இருக்கும். சீலிங்குக்குப் பளீர் வெள்ளையைவிட ஆஃப் ஒயிட் நல்லது. எல்லாமே சாம்பலும் நீலமுமாக இருந்தால், ரூம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிடும்.

சுவரைத் தயார் பண்ணுங்க: ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யணும். இல்லைன்னா வெள்ளையாக உப்பு பூக்கும். இந்தக் கலரில் அது தனியாகத் தெரியும். சுவர் மேடு பள்ளமா இருந்தா மேட் ஃபினிஷ் மறைச்சிடும். பளபளப்பு ரகம் காட்டிக் கொடுத்துடும்.

கடைசியா ஒண்ணு. நாலு சுவருக்கும் அடிக்கறதா இருந்தா மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கலந்து வாங்குங்க. அடுத்த முறை கலக்கும்போது நூலளவு மாறினாலும் சுவரில் திட்டு தெரியும். டப்பா மேல் இருக்கும் ஷேடு நம்பரை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. சுவரில் ஆணி அடிச்சுப் பிடுங்கும் நாளில் உதவும்!