சாயம் நாடாத தச்சர்



மேசையின் இழுப்பறையை நாம் லாச்சி என்கிறோம். ஒல்லாந்தர் நம் நாட்டில் விட்டுச் சென்ற சொல் அது. இத்தாலியரோ இழுப்பறைகள் பலவற்றை அடுக்கிய பெட்டகத்தைக் கசெத்தோனே என அழைத்தனர். அதற்கு முன்னிருந்தது கசோனே எனும் மூடியிட்ட பெரும்பேழை. மணமகளின் சீதனத் துணிமணிகள் அதிலேதான் புக்ககம் சென்றன. அடியிற் கிடக்கும் ஓர் ஆடையை எடுக்க வேண்டின், மேலுள்ள அனைத்தையும் கிளறியாக வேண்டும். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் பரவிய இழுப்பறைப் பெட்டகம் இத்தொல்லையைத் தீர்த்தது.

இப்பெட்டகங்களின் முகப்பு பெரும்பாலும் வால்நட் மரம். கண்ணிற்படாத உட்புறத்திலோ பொப்லர், ஊசியிலை மரம் முதலிய மலிவான பலகைகள். ஆகவே, பழமையை ஆராய்வோர் முகப்பழகில் மயங்குவதில்லை. இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, அடிப்பலகையைப் பார்ப்பர். கைவாள் அறுத்த நேர்ச்சுவடுகள் அங்கு உண்டா? அன்றி, பிற்கால ஆலைகளின் வட்டவாள் பதித்த வளைகோடுகள் உண்டா? போலியைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த ஏழைப் பலகையே!

இத்துறையில் தனிப்புகழ் ஈட்டியவர் ஜுசெப்பே மஜ்ஜோலினி. மிலானுக்கு அண்மையிலுள்ள பராபியாகோ எனும் சிற்றூரில் 1738இல் பிறந்தவர். அவ்வூர்த் துறவிமடத்துப் பட்டறையில் தச்சுத்தொழில் பயின்றவர். 1771இல் லொம்பார்டியின் ஆளுநராக வந்த ஒஸ்திரிய இளவரசர் பேர்டினன்ட் அவரை ஆதரித்தார். அக்காலத்தில் வளைந்து புடைத்த முகப்புகள் வழக்கொழிந்து, தட்டையான முகப்பு செல்வாக்குப் பெற்றுவந்தது. ஓவியனுக்குத் துணி எப்படியோ, மஜ்ஜோலினிக்குத் தட்டைப் பலகை அப்படி. மெல்லிய மரத்தகடுகளை வெட்டி இணைத்து, மலர்களையும் பறவைகளையும் புராண உருவங்களையும் அதிலே படைத்தார். அந்திரேயா அப்பியானி போன்ற ஓவியர்கள் அவருக்கு மாதிரிகள் வரைந்தளித்தனர்.

சாயத்தை அவர் பெரிதும் நாடவில்லை. வெண்மைக்கு ஹொலி மரம், மஞ்சளுக்கு பொக்ஸ் மரம், கருமைக்குக் கருங்காலி, ஊதாவுக்குத் தென்னமெரிக்க மரம் என, இயற்கை நிறங்களையே தேடித் திரட்டினார். எண்பத்தாறு வகை மரங்களைக் கையாண்டார் என்பது வழிவழி வரும் செய்தி. நிழல் வேண்டுமிடத்துத் தகட்டின் ஓரத்தைச் சூடான மணலிற் செருகிக் கருக்குவது இக்கலைஞரின் வழக்கம். ஒரு கணம் தாமதித்தால் தகடு கரியாகிவிடும்.

1796இல் பிரெஞ்சுப் படை மிலானுட் புகுந்தது. ஆளுநர் வெளியேறினார், அரண்மனை ஆதரவும் அற்றுப்போயிற்று. பின்பு புதிய ஆட்சியாளரிடமும் சில வேலைகள் கிடைத்தன. எனினும் பழைய வளம் திரும்பவில்லை. 1814இல் அவர் மறைந்தார். பட்டறையின் வரைபடங்கள் பெருந்தொகையாக மிலானின் ஸ்போர்சா கோட்டையிற் பேணப்படுகின்றன.

அவ்வரைபடங்கள் இன்று மிகவும் வேண்டப்படுவன. ஏனெனில், சாயம் வெளுப்பதுபோல் மரத்தின் இயற்கை நிறமும் ஒளியில் மாறுகிறது. ஊதா பழுப்பாகிறது, வெண்மை தேன்நிறம் கொள்கிறது. அரும்பொருட்காட்சிச் சாலையில் நாம் காணும் அடங்கிய பழுப்பு நிறத்தை அவருடைய சுவை என்று கொள்வது தவறு. அவர் கண்டது பூந்தோட்டம் போன்ற பன்னிறப் பலகை. பழுதுபார்ப்போர் இத்தகைய பழம்பெட்டகமொன்றின் பூட்டுத்தகட்டைக் கழற்றும்போது, ஒளிபடாத அச்சிறு இடத்தில் பழைய நிறம் சிலவேளை அப்படியே வெளிப்படும்.