கருவியும் வினாவும்: இந்தியப் பள்ளிச் சீர்திருத்தத்தில் தொழில்நுட்பம் (1972–2002)

முன்னுரை

புதிய கருவி வகுப்பறைக்குள் நுழைந்தால் கல்வி தானே சீர்திருந்தும் என்னும் நம்பிக்கை, விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் பலமுறை முன்வைக்கப்பட்டுள்ளது. மூன்று முயற்சிகளின்வழி அந்நம்பிக்கையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர் ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, தாமே செய்து விடை காணும் செயல்திட்டவழிக் கற்றல் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இம்முறையை அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் விளக்கி எழுதினார். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைக் கற்றலின் மையமாக்கியது.

செயற்கைக்கோளும் கணினியும்

1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களைச் சார்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. காலை நிகழ்ச்சிகள் பள்ளிச் சிறுவர்க்கு உரியன. தொலைவிலுள்ள ஊர்களையும் ஒரே நேரத்தில் எட்டியது இதன் சிறப்பு எனலாம். ஆயினும் அது ஒருவழித் தொடர்பு. காண்போர் எழுப்பும் வினா திரும்பிச் செல்ல அதில் வழியில்லை. 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் 250 பள்ளிகளில் பிபிசி நுண்கணினிகளை அறிமுகப்படுத்தியது. கணினியறிவு புகட்டுதலே அதன் முதன்மை நோக்கமாதலின், பிற பாடங்களின் கற்பித்தல்முறையை மாற்றுவது அதன் மையப்பணியாக அமையவில்லை.

ஹோசங்காபாத் முயற்சி

இவற்றினின்றும் வேறுபட்டது மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய அமைப்புகள் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதனைத் தொடங்கின. 1978இல் இது மாவட்டம் முழுமைக்கும் விரிவடைந்தது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் இதனை முன்னெடுத்துச் சென்றது. இங்குக் கருவி என்பது விலைகுறைந்த சோதனைப் பெட்டியே. தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வு டியூப்பையும் இணைத்து வடிவங்கள் அமைக்கும் முறையை அரவிந்த் குப்தா இச்சூழலில்தான் உருவாக்கினார். மாணவர் குழுவாகச் சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வந்தனர். கருவியோடு பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் மாற்றியமைக்கப்பட்டன. தேர்விலும் நூலைத் திறந்து பார்க்க இசைவு தரப்பட்டது. செய்முறைத் தேர்வும் இடம்பெற்றது. ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரத்துக்குச் சிறுவர் தம் ஐயங்களை மடலாக எழுதினர். அவற்றுக்கு விடையும் அனுப்பப்பட்டது. செயற்கைக்கோளால் இயலாத இருவழித் தொடர்பை அஞ்சலட்டை நிறைவேற்றியது.

முடிவுரை

முப்பதாண்டுகள் நடைபெற்ற இத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்தியது. எளிய கருவி நிறைந்த பயன் தரவல்லது என்பதையும், நிருவாக ஆதரவு விலகின் வேரூன்றிய சீர்திருத்தமும் வீழும் என்பதையும் இவ்வரலாறு ஒருங்கே உணர்த்துகிறது. பாடநூல், ஆசிரியர், தேர்வு ஆகிய மூன்றும் உடன் மாறும்போதே தொழில்நுட்பம் கல்வியைத் தாங்குகிறது. ஆகவே, ஒரு கருவியை மதிப்பிடுங்கால் அதன் புதுமையைக் காட்டிலும், அது மாணவரின் வினாவுக்கு இடமளிக்கிறதா என்பதே முதற்கண் நோக்கத்தக்கது.