அலமாரியின் பழைய வண்ணமும் ‘ஈயம்’ என்னும் சொல்லும்

சமையலறையைக் குறைந்த செலவில் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் நாடுவது அலமாரிகளுக்கு மறுவண்ணம் பூசுவதையே. மரம் உறுதியாக இருந்தால் போதும். பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் எனாமல் பூசிவிடலாம். இவ்வேலையின் முதற்படியான ‘தேய்த்தல்’ ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பொதுச் சுகாதார வரலாற்றோடு தொடர்புடையது. அவ்வரலாற்றைத் தமிழில் எடுத்துரைக்க முற்படும்போது ஒரு சொல் குறுக்கே நிற்கிறது: ஈயம்.

தமிழில் ‘ஈயம்’ இரு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. வேதியியலில் இவை வெவ்வேறு தனிமங்கள். முன்னதன் அணு எண் 50, பின்னதன் அணு எண் 82. பித்தளைப் பாத்திரத்துக்கு உட்புறம் பூசப்படுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பாக வார்க்கப்படுவதும் வெள்ளீயம். நச்சுத்தன்மை கொண்டது காரீயம். அடையை நீக்கிவிட்டால் பயனுள்ளதும் நஞ்சானதும் ஒரே பெயரில் நிற்கின்றன.

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. இலத்தீனில் பிளினி காரீயத்தைக் ‘கறுப்புப் பிளம்பம்’ என்றும் வெள்ளீயத்தை ‘வெள்ளைப் பிளம்பம்’ என்றும் குறித்தார். நம் சொற்களின் அமைப்பும் அச்சாக அதுவே. தெலுங்கிலோ சீசம், தகரம் என்றும், இந்தியில் சீசா, ராங்கா என்றும் தனித்தனி வேர்ச்சொற்கள் வழங்குகின்றன. ஆதலால் அம்மொழிகளில் எச்சரிக்கை விடுப்பவருக்கு இந்தக் குழப்பம் எழுவதில்லை.

இனி வண்ணத்தின் வரலாற்றுக்கு வருவோம். ஆளிவிதை எண்ணெயில் வெள்ளைக் காரீயத்தைக் குழைத்துச் செய்த வண்ணம் நெடுங்காலம் உயர்தரமானதாக மதிக்கப்பட்டது. அது மரத்தை நன்கு மறைத்தது. ஈரத்தைத் தாங்கி நீடித்து உழைத்தது. பளிச்சென்ற மஞ்சளுக்குக் காரீய குரோமேட்டும், விரைவில் உலர்வதற்கு வேறு காரீயச் சேர்மங்களும் சேர்க்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர், குழந்தைகளைத் தாக்கிய காரீய நச்சுக்கு வீட்டுத் தாழ்வாரக் கிராதிகளிலும் சுவர்களிலும் இருந்த வண்ணமே காரணம் என்று 1904-இல் எழுதினார். உதிரும் தூள் கைகளில் ஒட்டி வாய்க்குள் செல்வதை அவர் சுட்டிக்காட்டினார். 1921-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளைக் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்கா வீட்டு வண்ணங்களில் அதைத் தடைசெய்ததோ 1978-இல்தான். மருத்துவ அறிவுக்கும் சட்டத்துக்கும் இடையே கழிந்தவை எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்.

இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் காரீய அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகள் கட்டுப்படுத்துவது தயாரித்து விற்கப்படும் வண்ணத்தை. அலமாரிக் கதவில் முன்பே படிந்துவிட்ட அடுக்குகளை அல்ல. முப்பது ஆண்டுப் பழமையுள்ள கதவில் நான்கைந்து பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கக்கூடும். மேற்பூச்சு உரியாதவரை அவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றன. புதுப்பிக்கும் நோக்கத்தோடு உலர்தாளால் தேய்க்கும்போதுதான் நுண்தூளாகிப் பாத்திரங்களிலும் தரையிலும் படிகின்றன. அதனை முதலில் சுவாசிப்பவர் வண்ணம் பூசும் தொழிலாளி. அடுத்துப் பாதிக்கப்படுவது தரையில் தவழும் குழந்தை. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கிறது என்றும், தீங்கற்ற குறைந்தபட்ச அளவு என எதுவும் அறியப்படவில்லை என்றும் உலகச் சுகாதார அமைப்பு கூறுகிறது.

‘வண்ணத்தில் ஈயம் உள்ளது’ என்ற வாக்கியத்தை ஈயச் சொம்பில் ரசம் வைத்துப் பழகியவர் எவ்வாறு புரிந்துகொள்வார்? ‘ஈயம் நல்லதுதானே’ என்று அவர் கருதினால் பிழை அவருடையதன்று. அடையைக் கைவிட்ட நம் எழுத்தினுடையது. பள்ளிப் பாடநூல்கள் காரீயம், வெள்ளீயம் என்ற வேறுபாட்டைப் பேணுகின்றன. செய்தி எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் அதனைப் பின்பற்றினால் போதும். புதிய கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை.

பழைய அலமாரியைப் புதுப்பிப்போர் செய்யத்தக்கவை சில உள்ளன. பாத்திரங்களையும் உணவுப் பொருள்களையும் முதலில் அப்புறப்படுத்துதல், உலர்வாகத் தேய்க்காமல் நீர் தெளித்துத் தேய்த்தல், தீயால் கருக்கிப் பூச்சை உரிக்காதிருத்தல், குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் விலக்கி வைத்தல், தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தல், தொழிலாளிக்குத் தகுந்த முகக்கவசம் அளித்தல் ஆகியவை அவை. பூச்சு உறுதியாக இருந்தால் தேய்ப்பதையே குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வட்டாரத்தில் இவ்விரு உலோகங்களும் பேச்சுவழக்கில் எப்பெயர்களால் வேறுபடுத்தப்படுகின்றன என்பதை நண்பர்கள் பின்னூட்டத்தில் பதிவுசெய்தால் பயனுடையதாக இருக்கும். குறிப்பாக, பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோரும் வண்ணம் பூசுவோரும் கையாளும் சொற்களை எதிர்பார்க்கிறேன்.