ஷெல்டன் கடிகாரமும் சங்கரன்கோவிலின் உச்சிப்பொழுதும்

கொடைக்கானல் வானாய்வகத்தில் ஒரு பழைய ஆங்கிலேயக் கடிகாரம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் தொழில் செய்த ஜான் ஷெல்டன் என்பவரின் கைவேலை அது. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய வானாய்வகத்தின் தொடக்கக் காலக் கருவிகளில் ஒன்று. 1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியதை ஒட்டி அதுவும் மலையேறியது. அந்த வானாய்வகம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 28 கலையில். நம் சங்கரன்கோவில் ஏறத்தாழ 77 பாகை 32 கலை. வரைபடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தென்வடல் கோட்டில் விழுகின்றன. நம் ஊரில் சூரியன் உச்சியைக் கடந்த ஏறத்தாழக் கால் நிமிடத்தில் ஷெல்டன் கடிகாரம் நிற்கும் இடத்திலும் உச்சி கடந்துவிடும். நம் ஊர்க் கோமதி அம்பாளின் ஆடித்தபசுத் திருவிழா உத்திராட நட்சத்திரத்தைப் பார்த்துக் குறிக்கப்படுவது. விண்மீனைப் பார்த்துத் திருத்தப்பட்ட ஒரு கடிகாரத்தைப் பற்றி இந்த மலரில் எழுதுவது பொருந்தும் என்று கருதுகிறேன்.

ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இவ்வகைக் கடிகாரங்களை அரண்மனைக் கூடங்களிலும் பழைய திரைப்படங்களிலும் பார்த்திருப்போம். நெட்டைக் கடிகாரம் என்பதைவிட 'கிராண்ட்ஃபாதர் கிளாக்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆடம்பரத்துக்காக அதை உயரமாகச் செய்தார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த உயரத்தை ஊசல்தான் தீர்மானித்தது. 1656இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தினார். 1670ஐ ஒட்டி லண்டனில் நங்கூர வடிவ உறுப்பு ஒன்று வந்தது. ஊசல் ஒருமுறை போனால் பற்சக்கரத்தின் ஒரு பல்லை விடும், திரும்பினால் அடுத்ததைப் பிடிக்கும். அந்த உறுப்பு வந்த பிறகு ஊசல் அகலமாக வீசத் தேவையில்லை, குறுகிய வீச்சே போதும் என்று ஆனது. சரியாக ஒரு நொடிக்கு ஒரு வீச்சு வேண்டுமென்றால் ஊசல் ஏறக்குறைய 994 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அது ஆடவும், கடிகாரத்தை ஓட்டும் எடைக்குண்டுகள் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும் இடம் வேண்டும். அதனால்தான் ஆறடி, ஏழடி, எட்டடிப் பெட்டி.

அந்தப் பெட்டியை மூன்று பாகமாகப் பார்க்க வேண்டும். மேலே முகப்பை மூடியிருக்கும் கூண்டு முன்பக்கமாக உருவி எடுக்க வரும். நடுவில் கதவு வைத்த ஒடுங்கிய உடற்பகுதி. கீழே அகன்ற அடிப்பெட்டி. முற்காலத்து முகப்புகள் சதுரப் பித்தளைத் தகடுகள். மணி எழுத்துக்கள் உள்ள வளையத்துக்கு மட்டும் வெள்ளிப்பூச்சு இருக்கும், நான்கு மூலைகளிலும் வார்ப்புப் பூவேலை. பிறகு முகப்பின் மேல் வளைவு ஒன்று சேர்ந்தது. அந்த வளைவில் பல தச்சர்களும் கடிகாரக்காரர்களும் நிலவைச் சுழலவிட்டார்கள். ஒரே வட்டத்தில் இரண்டு முழுநிலா முகங்கள், 59 நாளில் ஒரு சுற்று. தெருவிளக்கு இல்லாத காலத்தில் ஆங்கிலேய நாட்டுப்புறத்தார் இரவுப் பயணத்துக்கு நாள் குறிக்க அது உதவியது. அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்தே வாழ்கிற நமக்கு அந்தத் தேவையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1770களுக்குப் பிறகு வெள்ளை வண்ணம் பூசிய இரும்பு முகப்புகள் வந்து பித்தளையைப் பின்னுக்குத் தள்ளின.

முகப்பில் சாவித்துளை இரண்டு இருந்தால் பெரும்பாலும் எட்டு நாள் கடிகாரம். ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணியடிக்க. துளையே இல்லாவிட்டால் முப்பது மணி நேரக் கடிகாரமாக இருக்கும், தினமும் கயிற்றையோ சங்கிலியையோ இழுத்து எடையை ஏற்ற வேண்டும். முப்பது மணி நேரக் கடிகாரங்கள் சிலவற்றில் எட்டு நாள் கடிகாரம்போலத் தோன்ற வேண்டுமென்று பொய்த்துளைகளும் வைத்தார்கள். வாங்குகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

ஷெல்டன் செய்தது இந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் வேறு தொழிலுக்கு வளர்ந்த பிள்ளை. வானியலாளருக்கான கடிகாரத்தில் நிலவும் இல்லை, பூவேலையும் இல்லை, மணியோசையும் இல்லை. நொடி தவறாமை ஒன்றே அதன் வேலை. ஷெல்டன், ஜார்ஜ் கிரஹாம் என்ற பெரிய கடிகார மேதையிடம் வேலை பார்த்தவர். சாதாரண நெட்டைக் கடிகாரத்தின் நொடிமுள்ளை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு நொடியிலும் முன்னால் வைத்த அடியில் இம்மியளவு பின்வாங்கி, பிறகுதான் அடுத்ததற்குப் போகும். நங்கூர உறுப்பு பற்சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் தள்ளுவதால் வரும் குறை அது. கிரஹாம் 1715ஐ ஒட்டி அந்த உறுப்பின் முகங்களை மாற்றி வடிவமைத்தார். அவர் முறையில் செய்த கடிகாரத்தில் நொடிமுள் போய் நின்றால் நின்றதுதான். நடுக்கம் கிடையாது. என் மதிப்பீட்டில் கடிகாரக் கலையில் இதைவிட அழகான காட்சி இல்லை.

அடுத்த எதிரி வெப்பம். எஃகுக் கம்பியில் தொங்கும் நொடி ஊசல் ஒரு பாகை செல்சியசுக்கு நாளொன்றில் ஏறக்குறைய அரை நொடி பிந்தும். மார்கழிக்கும் சித்திரைக்கும் பத்துப் பாகை வேறுபட்டால் நாளுக்கு ஐந்து நொடி. இதற்கு மருந்து கண்டவர் ஜான் ஹாரிசன். எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாற்றி மாற்றி நிறுத்தி, சன்னல் கம்பி வரிசைபோல ஊசலைக் கட்டினார். வெயிலில் எஃகு நீண்டு ஊசல்குண்டைக் கீழே இறக்கப் பார்க்கும். எஃகைவிட அதிகம் நீளும் பித்தளை அதை மேலே தூக்கிவிடும். கூட்டிக் கழித்தால் நீளம் மாறாது. கொடைக்கானல் ஷெல்டன் கடிகாரத்திலும் இத்தகைய கம்பிவரிசை ஊசல்தான்.

ஆனால் எந்தக் கம்பிவரிசையும் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று கப்பலில் வந்த எல்லா ஊசல் கடிகாரங்களுக்கும் காத்திருந்தது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நடுக்கோட்டுப் பக்கம் வர வர அது குறையும், ஊசல் மெதுவாகும். லண்டனில் நொடி பிசகாமல் ஓடிய கடிகாரத்தை ஊசலின் நீளம் மாற்றாமல் சென்னையில் நிறுத்தினால், நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்திப் போகும். ஊசலை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறுக்கினால்தான் சரியாகும். 1672இல் தென் அமெரிக்காவின் கயேன் நகரில் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் கண்டது இது. பூமி முழு உருண்டை அல்ல என்ற முடிவுக்கு நியூட்டனைக் கொண்டுபோன சான்றுகளில் ஒன்றும் இதுவே. சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் 1821இல் நொடி ஊசலின் நீளத்தை அளந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். லண்டன் கடிகாரம் நம் மண்ணின் ஈர்ப்புக்கு அடங்கித்தான் இங்கே ஓடியது. சென்னையைவிடத் தெற்கே இருக்கும் நம் ஊரில் நிறுத்தினால் இன்னும் சில நொடிகள் பிந்தும்.

பாளையக்காரர் பூலித்தேவர் நம் கோயிலுக்குள் மறைந்தார் என்று சொல்லப்படும் 1767ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷெல்டனின் கடிகாரங்கள் உலகைச் சுற்றத் தொடங்கியிருந்தன. 1769 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைக் கேப்டன் குக்கின் குழு தாகித்தித் தீவில் அளந்தது ஷெல்டன் கடிகாரம் ஒன்றைக் கொண்டுதான். கொடைக்கானலில் இருப்பது அதை ஒத்த கடிகாரம். அதே இடைநகர்வைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல். 1761இல் கடலில் மாட்டிக்கொண்டு ஒரு வாய்ப்பை இழந்தவர். எட்டாண்டு கழித்து வந்த இரண்டாம் வாய்ப்பை மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரித் தமிழர் ஒருவரிடம் வாக்கிய முறைக் கணிதம் கற்று, 1765 ஆகஸ்டு சந்திர கிரகணத்தை அந்த முறையில் கணித்துப் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவாகச் சொன்னது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 நொடி கூடுதலாகச் சொன்னது. தொலைநோக்கியும் ஊசல் கடிகாரமும் இல்லாமல், சோழிகளைத் தரையில் வைத்து எண்ணி, வாய்பாடாக மனத்தில் வைத்திருந்த வாக்கியங்களால் வந்த விடை அது. ஒரு கிரகணத்தை வைத்து எந்த முறையையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். வேறு கிரகணங்களில் தமிழ்க் கணக்கு நிமிடக் கணக்கில் பிசகியதும் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் ஷெல்டன் கடிகாரம் வந்து இறங்கியது காலத்தை எண்ணத் தெரியாத ஊரில் அல்ல.

நுங்கம்பாக்கத்தில் அந்தக் கடிகாரத்தின் வேலை இப்படி. பத்து டன் கருங்கல் தூண் ஒன்றின் மேல் தொலைநோக்கி, தென்வடல் கோட்டில் மட்டும் அசையும்படி பொருத்தப்பட்டிருந்தது. அந்தத் தூணை இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் பார்க்கலாம். அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். இருட்டில் கண் விண்மீன்மேல் இருக்கும். காது கடிகாரத்தின்மேல். கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஒன்று, இரண்டு என்று ஊசலின் அடியை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே, தொலைநோக்கிக்குள் கட்டிய மெல்லிய இழையை விண்மீன் எந்த அடிக்கும் எந்த அடிக்கும் நடுவில் தாண்டுகிறது என்று பத்தில் ஒரு பங்கு வரை கணிக்க வேண்டும். இரவு முழுக்க இதே வேலை. விண்மீன்கள் கடிகாரத்தைத் திருத்தின, திருத்திய கடிகாரம் நகரத்துக்கு நேரம் சொன்னது. கோட்டையில் இரவு 8 மணிக்குப் பீரங்கி வெடித்தது இந்த நேரத்தை வைத்துத்தான். ஆண்டாளுக்கு நைவேத்தியம் ஆன செய்தியை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு மணிமண்டபங்கள் வழியாகத் திருமலை நாயக்கர் கேட்டறிந்தார் என்று நம் பக்கம் சொல்வார்கள். ஓசையால் செய்தி சொன்ன கோட்டைப் பீரங்கியும் அந்த வகைதான்.

கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது சென்னை நேரம். இந்திய ரயில்வே அட்டவணைகள் அதையே ஏற்றன. 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தபோது நம் சீமைக்குள்ளும் சென்னை நேரம் நுழைந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் என்று ஆனது. அது 82 பாகை 30 கலைக்கு உரிய நேரம். நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். ஆகவே நம் ஊரின் சராசரி நடுப்பகல், கைக்கடிகாரத்தில் ஏறத்தாழ 12 மணி 20 நிமிடம்.

சராசரி என்றதற்குக் காரணம் உண்டு. சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக உச்சிக்கு வருவதில்லை. பழைய ஆங்கிலேய நெட்டைக் கடிகாரங்களின் கதவுக்கு உட்புறம் அச்சிட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். சூரியக் கடிகாரத்துக்கும் ஊசல் கடிகாரத்துக்கும் எந்த நாளில் எத்தனை நிமிட வேறுபாடு என்ற பட்டியல் அது. வீட்டுக்காரர் தோட்டத்துச் சூரியக் கடிகாரத்தைப் பார்த்து, பட்டியலைக் கூட்டியோ கழித்தோ, முள்ளைத் திருத்துவார். அந்தத் தாளைச் சங்கரன்கோவிலுக்கு எழுதினால் இப்படி வரும்: நவம்பர் தொடக்கத்தில் உச்சிப்பொழுது 12 மணி 4 நிமிடம். பிப்ரவரி நடுவில் 12 மணி 34 நிமிடம். ஆடித்தபசு வரும் ஜூலைக் கடைசியில் 12 மணி 26 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி என்று கொண்டால், நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே ஒன்றேகால் நாழிகை வேறுபாடு. உள்ளூர்ச் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஊர் ஊருக்கு மாறும் உதயத்துக்குத் தேசாந்தரத் திருத்தம் என்று பஞ்சாங்கக் கணிதத்தில் இடமும் வைத்திருந்தார்கள். பொதுவாக அச்சிட்ட ராகு கால அட்டவணையைச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

நம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் ஊசல் கடிகாரங்கள் இன்னும் இருக்கின்றன. நெட்டைக் கடிகாரம் அரிது, சுவர்க் கடிகாரமே அதிகம். பெரியவர் காலமானதும் சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றுபோய், வெள்ளையடிக்கும்போது கழற்றப்பட்டு, எடைக்குப் போய்விடுகின்றன. வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் மாற்றும் முன் ஊசலையும், எடைக்குண்டு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊசலைத் தாங்கும் மெல்லிய தகடு முறிந்துவிடும். பித்தளை முகப்பைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், வளையத்தின் வெள்ளிப்பூச்சு ஒரே நாளில் போய்விடும். சக்கரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது பிசினாக உறைந்து ஓட்டத்தை நிறுத்தும். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் எந்தத் தாளையும் கிழிக்காதீர்கள். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியவை. அத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு என்பதையும் வியாபாரி விலை பேச வரும்போது நினைவில் கொள்ளுங்கள். முகப்பில் உள்ள பெயர், ஊர், சாவித்துளைகளின் எண்ணிக்கை, வீட்டுக்கு அது வந்த வரலாறு, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, படத்தோடு அடுத்த ஆண்டு மலருக்கு அனுப்பி வையுங்கள்.