பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியும் ராம்சே பேய்களும்

போன வருஷம் ஏப்ரலில் நடந்தது. 2025. எழுதணும் எழுதணும் என்று தள்ளிப் போட்டு இப்போதுதான் கை வந்தது.

பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஜியோ வேர்ல்டு கன்வென்ஷன் சென்டரில் மும்பை காமிக் கான். ரெண்டு நாள் கூத்து. எங்க வீட்டு இளவரசி (வயது 14) ஒரு மாசமாகவே அனத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஸ்பைடர்மேன், நருட்டோ எல்லாம் பழசு. பேய்தான் வேணும். அமெரிக்காவில் பேய்ப்படத்துக்கென்றே தனியாக ரசிகர் மாநாடு நடத்துகிறார்கள், முகமூடி, பொம்மை, ரத்தக்கறை போட்ட சட்டை என்று மூட்டை மூட்டையாக அள்ளி வருகிறார்கள். இங்கே அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. காமிக் கானில் அதற்கும் ஒரு மூலை உண்டு, அவ்வளவுதான். தங்கமணி "அந்தக் கூட்டத்துல எனக்கு மூச்சு முட்டும், நீங்களே போங்க" என்று சொல்லிவிட்டதால், செம்பூரிலிருந்து அப்பாவும் பொண்ணும் ஆட்டோ பிடித்தோம்.

உள்ளே திரும்பிய பக்கமெல்லாம் ஃப்ரெடி க்ரூகர், ஜேசன், பென்னிவைஸ். முகத்தில் மாவு பூசிய கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இளவரசி ஒரு ஃப்ரெடி டி-ஷர்ட்டை எடுத்தாள். 1,299 ரூபாய். நான் வழக்கம்போல சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். பனியன் துணி, எப்படியும் நம்ம திருப்பூராகத்தான் இருக்கும் என்று ஒரு அற்ப சந்தோஷம் :-) "அப்பா, மானத்த வாங்காதீங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

பில் போடும் வரிசையில் நிற்கும்போது கேட்டாள். "ஏன்ப்பா, நம்ம ஊர்ப் பேய் ஒண்ணுகூட இல்ல?"

நியாயமான கேள்வி. கொசுவர்த்தியைச் சுத்த வேண்டியதுதான்.

முதலில் அவங்க ஊர்க் கதை. 1957-ல் யுனிவர்சல் கம்பெனியின் பழைய டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் படங்களை மொத்தமாகக் கட்டி அமெரிக்க டிவிக்கு விற்றார்கள். அப்பா தலைமுறை தியேட்டரில் பார்த்ததைப் பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வருஷமே 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்று ஒரு பத்திரிகை, ஆசிரியர் ஃபாரஸ்ட் அக்கர்மேன். 1961-ல் அரோரா பிளாஸ்டிக்ஸ் என்ற கம்பெனி, வீட்டில் ஒட்டிச் செய்கிற ஃபிராங்கன்ஸ்டைன் பொம்மையை 98 சென்ட்டுக்குப் போட்டது. (அரோரா என்றதும் எனக்கு மாட்டுங்கா அரோரா தியேட்டரும் ரஜினி பட முதல் நாள் பாலாபிஷேகமும்தான் ஞாபகம் வந்து தொலைக்கிறது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை.) படம், பத்திரிகை, பொம்மை, எழுபதுகளில் மாநாடு என்று வளர்ந்துகொண்டே போனது. 1978-ல் வந்த 'ஹாலோவீன்' படத்தில் கொலைகாரன் போட்டிருக்கும் முகமூடி, கடையில் விற்ற ஸ்டார் டிரெக் கேப்டன் கிர்க் முகமூடிதான். ரெண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி, வெள்ளை பெயின்ட் அடித்து மாட்டிவிட்டார்கள்.

நம்ம பக்கம்? பம்பாய்க்குப் பேய்ப்படம் புதுசில்லை. 1949-லேயே பாம்பே டாக்கீஸ் 'மஹல்' எடுத்தது. 1964-ல் வந்த 'வோ கோன் தி'யை நம்மவர்கள் 1966-ல் ஜெய்சங்கர், ஜெயலலிதாவை வைத்து 'யார் நீ' என்று எடுத்தார்கள். ஆனால் அதெல்லாம் வெள்ளைப் புடவை, புகை, பாட்டு, கடைசியில் பேயே இல்லை என்று முடிகிற சமாச்சாரம். நிஜமான கோரப்பல் பேயைக் குடும்பத் தொழிலாகவே செய்தவர்கள் ராம்சே சகோதரர்கள்.

அவர்களும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள்தான். அப்பா எஃப்.யு. ராம்சிங்கானி கராச்சியில் ரேடியோ கடை வைத்திருந்தவர். ராம்சிங்கானி என்று சொல்ல வெள்ளைக்கார வாடிக்கையாளர்களுக்கு நாக்கு புரளாததால் ராம்சே ஆனார். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பம்பாய் வந்து லாமிங்டன் ரோட்டில் மறுபடி கடை போட்டார். சினிமா ஆசை விடவில்லை. 1954-ல் பகத்சிங் படம், 1963-ல் 'ருஸ்தம் சொராப்'. 1970-ல் பிருத்விராஜ் கபூரை வைத்து எடுத்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தி' ஊத்திக்கொண்டது. ஆனால் அந்தப் படத்தில், பிருத்விராஜ் கோரமான முகமூடியோடு திருட வரும் ஒரு காட்சிக்கு மட்டும் தியேட்டரில் சத்தம் எழும்பியதைப் பையன்கள் துளசியும் ஷ்யாமும் கவனித்தார்கள். அப்பாவிடம் போய், முழுப்படமும் இப்படியே எடுத்தால் என்ன என்று கேட்டார்கள்.

ஏழு பையன்கள். அப்பா அவர்களைக் காஷ்மீருக்குக் கூட்டிப்போய்ப் படகு வீட்டில் உட்காரவைத்து, ஜோசப் மாஸ்செல்லியின் ஒளிப்பதிவுப் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சினிமா கல்லூரியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. குமார் கதை, கங்கு கேமரா, கிரண் ஒலி, அர்ஜுன் எடிட்டிங், கேஷு தயாரிப்பு, துளசியும் ஷ்யாமும் டைரக்ஷன். 1972-ல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே'. மஹாபலேஷ்வரில் குடும்பமே போய்த் தங்கி, நாற்பது நாளில் முடித்துவிட்டார்கள். செலவு மூன்றரை லட்சம் என்று அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அதன்பின் 'தர்வாஜா', 'ஹோட்டல்', 1984-ல் 'புரானா மந்திர்', 1988-ல் 'வீரானா', 1990-ல் 'பந்த் தர்வாஜா'. 'புரானா மந்திர்' பேய் சாம்ரியாக நடித்த அனிருத் அகர்வால், ரூர்க்கியில் படித்த சிவில் இஞ்சினியர். அந்த உயரமும் முகமும் போதும், மேக்கப்கூடக் கொஞ்சம்தான் என்பார்கள். 1993-ல் ஜீ டிவியில் 'ஜீ ஹாரர் ஷோ' வந்தபோது பேய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

துளசி 2018 டிசம்பரிலும் ஷ்யாம் 2019 செப்டம்பரிலும் காலமானார்கள்.

இத்தனை படத்துக்கும் கடையில் ஒரு பொம்மை கிடையாது, ஒரு சட்டை கிடையாது. போஸ்டர், ஷோ கார்டு, பாட்டுப் புத்தகம், அவ்வளவுதான். அதுவும் படம் தியேட்டரை விட்டுப் போனதும் எடைக்குப் போய்விடும். எடைக்குப் போனதில் தப்பித்தவை இன்றைக்குச் சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட் கடைகளில் தொங்குகின்றன. ஒரு கடையில் 'புரானா மந்திர்' போஸ்டருக்கு எட்டாயிரம் கேட்டார்கள். ஒரிஜினலா மறுபதிப்பா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியாததால் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கன்வென்ஷன் சென்டரிலிருந்து தாராவி கூப்பிடு தூரம். நடுவில் மித்தி நதி. 90 அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் பெரியப்பா இருக்கிறார். எழுபதுகளில் திருநெல்வேலியிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போனால் மரியாதை இல்லை என்று அங்கே போனோம்.

வீடு முழுக்கக் காகிதம். தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இதே நிலைமைதான். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கிறோம் என்று நிரூபித்தால்தான் அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். பெரியப்பாவுக்கு ரேஷன் கார்டு இருக்கிறது. பழைய கரண்டு பில் ஒன்றைத்தான் காணோம். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

பெட்டி மூடியின் உள்பக்கத்தைப் பார்த்து இளவரசி "அப்பா!" என்று கத்தினாள். மூடி முழுக்கச் சாம்ரி. கோரைப்பல், சிவந்த கண், ஓரத்தில் துருக்கறை.

"இது எப்படி பெரியப்பா?"

"நாந்தாம்ல ஒட்டுனேன். பகல்ல பேக் தைப்பேன், ராத்திரி போஸ்டர் ஒட்டப் போவேன். பசை வாளிய தூக்கிட்டு சயான் பக்கம் ஒத்தையில போறப்ப இந்த மூஞ்சிய கையில வச்சிருக்கணும், பாத்துக்க. வந்த புதுசுல இந்தி ஒரு எழுத்து தெரியாது. பேய் கத்துனா புரியாதா என்ன? இந்தப் படத்த வீடியோ பார்லர்ல எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே இல்ல. 'கோன் ஹை'ன்னு கேக்கக் கத்துக்கிட்டதே அதுலதான்."

"பெட்டிக்குள்ள ஏன் ஒட்டுனீங்க தாத்தா?" இது இளவரசி.

"அப்ப ஒரு ரூம்ல பத்து பேரு கிடந்தோம். எவனும் பெட்டியத் தொறந்து கைய விடக் கூடாதுல்லா."

படத்திலும் சாம்ரியின் வெட்டிய தலையைப் பெட்டிக்குள்தான் பூட்டி வைப்பார்கள். பெரியப்பா சம்பளப் பணத்துக்கு அவனையே காவல் போட்டிருக்கிறார்! சட்டென்று சிரித்துவிட்டேன். அப்புறம் அவர் கையில் இருந்த காகிதக் கட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெட்டி அங்கே நாற்பது வருஷமாக இருக்கிறது என்பதற்கு 1984-ம் வருஷத்துப் பட போஸ்டரே சாட்சி. ஆனால் அதை எந்த அதிகாரியிடம் காட்ட முடியும்?

இளவரசி விரலால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். மைதா பசை தகரத்தோடு ஊறிப் போயிருக்கிறது. உரித்தால் கிழியும். மொபைலில் பத்து படம் எடுத்தாள். பெரியப்பா அவள் பையிலிருந்த ஃப்ரெடி சட்டையை எடுத்து, என்னை மாதிரியே உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். "எவ்வளவு?"

சொன்னேன்.

"ஏ யம்மா!" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி காகிதத்துக்குள் குனிந்தார். கிளம்பும்போது வாசலில் அவளைக் கூப்பிட்டார். "ஏட்டி, இந்தக் காயித வேலையெல்லாம் முடியட்டும். வீடு எங்கன குடுக்கான்னு தெரியட்டும். அப்புறம் பெட்டியோட நீயே எடுத்துக்க."

கரண்டு பில் மே மாசம் கிடைத்துவிட்டது, பஞ்சாங்கத்துக்குள் இருந்ததாம். பெட்டி இன்னும் பெரியப்பாவிடம்தான் இருக்கிறது.