தனித்து வாழுந் தேனீக்கள் பெயர்பெற்ற வரலாறு

தேனீ என்றதும் அடையும் தேனுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயின், இலங்கையில் அடைகட்டித் தேன் சேர்க்கும் இனங்கள் மூன்றே. கொட்டாத சிறுதேனீயைக் கூட்டினும் நான்கே. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளரான கருணாரத்னவும் எதிரிசிங்கவும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த பட்டியலோ 148 இனங்களைக் கூறுகின்றது. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை கூட்டமாய் வாழாதவை. தாய்த்தேனீ தானே துளை குடைந்து, மகரந்தம் வைத்து, முட்டையிட்டு, வாயிலை அடைத்துச் செல்லும். வினாயகபுரம் போன்ற கீழ்க்கரை ஊர்களில் வீட்டு வளைமரத்தைக் குடைந்து தூள் உதிர்க்குங் கருவண்டை அறியாதார் இலர். வண்டு என்று நாம் அழைக்கும் அதுவும் தேனீயே. தச்சுத்தேனீ எனல் பொருந்தும்.

1758இல் லின்னேயசு இவையனைத்தையும் 'ஏப்பிசு' என்னும் ஒரே சாதியில் அடக்கினார். அவர் மாணாக்கர் பபிரீசியசு, டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியிலிருந்து வந்த பூச்சிகள் பலவற்றிற்குப் பெயர் சூட்டினார். பெயர்கள் பெருகினவேயன்றி ஒழுங்கு பிறக்கவில்லை. அவ்வொழுங்கைத் தந்த ஆண்டு 1802 ஆகும். ஆங்கில நாட்டு மதகுரு கெர்பி, நாவின் நீளத்தையும் அமைப்பையும் கொண்டு தேனீக்களை இரு பெரும் பிரிவாக்கினார். அவ்வாண்டிலேயே பிரான்சிய அறிஞர் இலத்திரேயி தச்சுத்தேனீயையும் இலைவெட்டித் தேனீயையும் தனித்தனிச் சாதிகளாக்கினார்.

நம் நாடுகளுக்குரிய முதற் பெருநூல், 1897இல் பிங்காம் எழுதிய குளவி, தேனீக்கள் பற்றிய தொகுதி. இவர் படைவீரர், பருமாவிற் காட்டதிகாரியாயிருந்தவர். இவ்வாறான நூலின் திறவுகோல் மாணவனிடம் வினாக்களைத் தொடுத்துச் செல்லும். முன்சிறகின் குறித்த வரிசையில் அறைகள் இரண்டா, மூன்றா? மகரந்தம் ஏந்தும் மயிர் காலிலா, வயிற்றின் அடியிலா? அறை இரண்டாய், மயிர் வயிற்றடியில் இருப்பின் இலைவெட்டியின் சுற்றத்தை அணுகிவிட்டோம். ரோசா இலையின் விளிம்பை வட்டமாய் அரிந்து கொண்டுபோவது இதுவே. தோட்டக்காரர் அதனைப் புழுவின் மேல் ஏற்றுவர்.

எனினும், அக்காலத்து வகைப்பாடு ஊசியிற் குத்திய உடலையே பெரிதும் நம்பியது. தச்சுத்தேனீக்கள் சிலவற்றில் பெண் கரியது. ஆணோ மஞ்சள் மயிர் போர்த்தது. இரண்டும் ஓரினம் என்பதை இலண்டன் நூதனசாலைப் பெட்டி எங்ஙனம் உரைக்கும்? கூட்டருகே காத்திருந்தவனே உரைக்கவல்லான். காத்திருக்கக்கூடியவர் ஈண்டு இருந்தனர். நூலும் மாதிரிகளும் ஆண்டு இருந்தன. இப்பிரிவே இத்துறையின் பெருங்குறை என்பது என் கருத்து.

பெயர் மாற்றமும் மாணவனை மயக்கும். வயிற்றில் நீலப்பட்டை உடைய தேனீயைப் பிங்காம் 'அந்தோபோரா'வில் வைத்தார். அதே 1897இல் செருமானியர் பிரீசு 'அமெகில்லா' என்னும் பிரிவை வகுத்தார். இன்று வழங்குவது அப்பெயரே.

இலங்கையிற் பரவலாய்க் காணப்படுந் தேனீக்களை இனங்காணுந் திறவுகோலை மேற்கூறிய பேராதனை ஆய்வாளர் இருவரும் 2008இல் வெளியிட்டனர். அது ஆங்கிலத்தில் உள்ளது. அதனைக் கையிலேந்தித் தோட்டத்துட் புகும் நம் மாணவன், நீலப்பட்டைத் தேனீக்கும் வண்டு என்றே இன்னும் சொல்லவேண்டியிருக்கின்றது.