பிளக்-இன் ஹைபிரிட் கார்: வாங்குமுன் வீட்டுப் பிளக்கைப் பாருங்கள்

கோலா பிலாவிலிருந்து சிரம்பானுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அன்றாடம் வேலைக்குப் போய்த் திரும்புவோருக்கு 80 கிலோமீட்டர் ஓட்டம். வழியில் புக்கிட் புத்துஸ் ஏற்றமும் இறக்கமும் வேறு. இப்படி ஓடுகிறவர்களிடம்தான் இப்போது கார் விற்பனையாளர்கள் 'பிளக்-இன் ஹைபிரிட்' என்ற பெயரை அதிகம் சொல்கிறார்கள். அது எப்படி இயங்குகிறது, நம் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

ஒரு காரில் இரண்டு இயந்திரம்

சாதாரண ஹைபிரிட் காரில் பெட்ரோல் இயந்திரத்தோடு சிறிய பேட்டரியும் மின்மோட்டாரும் இருக்கும். பேட்டரியின் கொள்ளளவு பொதுவாக 1 அல்லது 2 யூனிட்தான். அதை வெளியிலிருந்து சார்ஜ் செய்ய முடியாது. ஹோண்டா சிட்டி, டொயோட்டா கொரோலா குரோஸ் ஆகியவற்றின் ஹைபிரிட் ரகங்கள் இந்த வகை.

பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி பெரியது. புதிய கார்கள் பலவற்றில் 10 முதல் 20 யூனிட் வரை இருக்கும். இரவில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போட்டால், மறுநாள் பல கிலோமீட்டர் தூரம் பெட்ரோல் இல்லாமலே ஓடும். பேட்டரி குறைந்தால் பெட்ரோல் இயந்திரம் தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும். கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ போகும்போது சார்ஜ் நிலையம் தேடி அலைய வேண்டாம். முழு மின்சாரக் காருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான்.

புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் மின்மோட்டார் இயந்திரத்துக்குத் தோள் கொடுக்கும். இறக்கத்தில் காலை எடுத்தாலோ பிரேக் அழுத்தினாலோ அதே மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் ஏற்றத்தில் செலவானது முழுவதும் இறக்கத்தில் திரும்பி வராது. ஒரு பகுதிதான் வரும். மலைச்சாலையும் குளிர்சாதனமும் சேரும்போது, விளம்பரத்தில் சொல்லப்படும் தூரத்தைவிடக் குறைவாகவே ஓடும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கையில் மிஞ்சுவது எவ்வளவு?

2025 செப்டம்பர் இறுதியில் புடி 95 திட்டம் தொடங்கியபோது, மலேசியருக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட், உதவித்தொகை இல்லாத விலை 2.60 ரிங்கிட். 2025 ஜூலையில் வந்த தெனாகா கட்டண முறைப்படி, மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டில் ஒரு யூனிட் சுமார் 44 சென். சலுகைகளும் கூடுதல் கட்டணங்களும் இதில் சேரவில்லை.

100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார், 80 கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர் குடிக்கும். சலுகை விலையில் அது சுமார் 11 ரிங்கிட். அதே தூரத்தை மின்சாரத்தில் ஓட, சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 18 யூனிட் என்று வைத்தால் 8 ரிங்கிட். ஒரு நாளைக்கு 3 ரிங்கிட், மாதம் 24 நாள் வேலைக்கு 75 ரிங்கிட் அளவுக்குத்தான் மிச்சம். 2.60 ரிங்கிட் விலையில் பார்த்தால் மாதம் 150 ரிங்கிட்டைத் தாண்டும்.

மைவி, ஆக்சியா ஓட்டும் குடும்பம் இந்த மிச்சத்தை மட்டும் நம்பிப் பெரிய கடன் எடுத்தால் கணக்கு உதைக்கும். எப்படியும் பெரிய கார் வாங்கப்போகிறவருக்குத்தான் இந்த ஒப்பீடு பொருந்தும்.

சார்ஜ் போடாவிட்டால்?

ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, சாலையில் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் கரிம வெளியேற்றம் ஆய்வுக்கூட அளவைவிடச் சராசரியாக 3.5 மடங்கு என்று கண்டது. முக்கியக் காரணம், எதிர்பார்த்த அளவுக்கு உரிமையாளர்கள் சார்ஜ் போட்டு மின்சாரத்தில் ஓட்டவில்லை. சார்ஜ் போடாத பிளக்-இன் ஹைபிரிட், கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து ஓடும் பெட்ரோல் கார்தான். காற்றும் மிஞ்சாது, காசும் மிஞ்சாது.

ஆகவே முதல் கேள்வி: இரவில் கார் எங்கே நிற்கும்? தாமான் வீட்டில் சொந்தப் போர்ட்டிக்கோ இருந்தால் வசதிதான். மூன்று முனைப் பிளக்கில் 18 யூனிட் பேட்டரி நிறைய ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். அடுக்குமாடி வீட்டில் கீழே நிறுத்துமிடத்தில் பிளக் இருக்காது. தோட்டத்து வீடு என்றால் அது நிர்வாகத்தின் சொத்து. அனுமதி கேட்க வேண்டும், வயரிங்கும் பழையதாக இருக்கலாம். மணிக்கணக்கில் மின்சாரம் இழுக்கும் காருக்கு எக்ஸ்டென்ஷன் வயர் போடவே கூடாது. வயர் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடம் காட்டித் தனி இணைப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு

2016, 2017 வாக்கில் பி.எம்.டபிள்யூ 330இ, மெர்சிடிஸ் சி350இ போன்றவை நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. அவற்றின் பேட்டரி 6 முதல் 8 யூனிட் வரைதான். இன்று பயன்படுத்திய கார் சந்தையில் அவற்றின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்து நம் இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். விலை இறங்கியதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேட்டரிகளுக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு வரைதான் உத்தரவாதம் தருகின்றன. அது முடிந்தபின் பேட்டரி பழுதானால் செலவு பல்லாயிரம் ரிங்கிட்டைத் தொடலாம். முன்பணம் கட்டுவதற்கு முன் பேட்டரியின் நிலையைச் சோதித்த அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

சொந்தப் பிளக், தினசரி 40 முதல் 80 கிலோமீட்டர் ஓட்டம், எப்போதாவது நெடும்பயணம். இந்த மூன்றும் உள்ள குடும்பத்துக்குப் பிளக்-இன் ஹைபிரிட் நல்ல துணை. பிளக் இல்லாதவர்கள் சாதாரண ஹைபிரிட்டையோ சிக்கனமான பெட்ரோல் காரையோ தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.